யார் இந்து?

வெளியூர்க்காரர்கள் வைத்த பெயரே ஒருவருக்கு நிலைத்துவிடுவது உண்டல்லவா? ‘இந்து’வும் அப்படி வந்த பெயர்தான்! பழைய பாரசீகர்களின் வாயில் ‘ஸ’ என்பது ‘ஹ’ ஆகிவிடும். சிந்து நதி ‘ஹிந்து’ ஆனது இப்படித்தான். சுமார் கி.மு. 500-ல் மன்னர் டேரியஸின் கல்வெட்டுகளில் அது வெறும் மாகாணத்தின் பெயர். மதம் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் யார் இந்து? கடைசியில் கோர்ட்டுதான் சொல்ல வேண்டியிருந்தது! பம்பாய் மாகாணத்தில் 1947-ல் தலித் மக்களுக்குக் கோயில்களைத் திறந்துவிடும் சட்டம் வந்தது. உடனே அகமதாபாத்தில் சுவாமிநாராயண் பிரிவினர் சிலர், ‘நாங்கள் இந்துக்களே இல்லை. சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று 1948-ல் வழக்குப் போட்டார்கள்.

பதினெட்டு வருஷம் இழுத்த வழக்கில், 1966-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் அலசிப் பார்த்தார். இந்த மதத்துக்கு ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே கோட்பாடும் இல்லை. கடைசியில் திலகர் தந்த விளக்கம் கைகொடுத்தது. வேதங்களிடம் மரியாதை, முக்திக்குப் பல வழிகள், வணங்கப் பல தெய்வங்கள். ஆக, அவர்களும் இந்துக்களே. வழக்கு தள்ளுபடி!

கொஞ்சம் யோசியுங்கள். பக்கத்தில் நின்று சாமி கும்பிட இன்னொரு மனிதன் வரக்கூடாது என்பதற்காக மதத்தையே உதறத் தயாரானார்களே... அந்தச் சாமி என்ன நினைத்திருக்கும்?