பழைய கார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

1980 வரை இந்தக் கேள்வி நம் நாட்டில் அதிகம் எழவில்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு என மிகச் சில கார்களே கிடைத்தன. புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருக்கும் வண்டியையே ரீபோர் செய்து, பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். தெருமுனை மெக்கானிக் குடும்ப டாக்டர் மாதிரி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991க்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தன. கடன் எளிதானது, காரை மாற்றுவதும் எளிதானது.

15 ஆண்டு ஆனாலும், தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். எனவே வயதை மட்டும் பார்த்து விற்க வேண்டாம். அடிப்பாகம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தாலோ, ஓராண்டுப் பழுதுச் செலவு வண்டியின் விலையைத் தொட்டாலோ விடைகொடுத்துவிடலாம்.