ரோஜேயின் பலகையா இது?

பழைய பயணச் செஸ் பலகைகள் கைமாறும் இடங்களில் சில பெயர்களைச் சொன்னால் போதும், விலை சட்டென்று ஏறிவிடும். அவற்றில் ஒன்று ரோஜே. ஆங்கிலத்தில் ஒத்த சொல் தேடுவோர் இன்றும் புரட்டும் 'தெசாரஸ்' சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜேதான் அவர். தொழிலால் மருத்துவர். 1827 முதல் 1848 வரை லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர். மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. 1815இல் கணக்கிடும் நழுவுகோலுக்குப் புது அளவை ஒன்றைத் தந்தார். 1824இல் கண்ணுக்கு ஏற்படும் தோற்ற மயக்கம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். செஸ் குதிரை 64 கட்டங்களையும் ஒருமுறை மட்டும் மிதித்துவரும் புதிருக்கு 1840இல் ஒரு வழிமுறை எழுதினார். இந்த வரிசையில், சட்டைப்பையில் அடங்கும் மலிவான செஸ் பலகை ஒன்றையும் வடிவமைத்தார். இவ்வளவும் வரலாறு.

'ரோஜேயின் பலகை, 1845 வாக்கில்' என்ற சீட்டோடு என் நண்பரான சென்னைச் சேகரிப்பாளர் ஒருவர் கைக்கு ஒரு பலகை வந்துசேர்ந்தது. "சார், சீட்டுல இருக்கறது நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க. நெஜம்னா கண்ணாடிப் பேழையில வெச்சிடறேன். இல்லேன்னா ரயில்ல எடுத்துட்டுப் போய் ஆடறேன்" என்றார். இரண்டில் ஒன்று என்று அவர் வைத்த கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

மூடினால் வங்கிப் பாஸ்புக் அளவு. வெளியே அரக்குச் சிவப்புத் தோல். விரித்தால் 64 கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் மெல்லிய கீறல், அதன் பின்னால் காய் செருகும் உறை. காய்கள் உருண்டையானவை அல்ல, நகம் அளவுத் தகடுகள். தகட்டின் மேல்பாதியில் ராஜா, ராணி, யானை என்று உருவம் அச்சிட்டிருக்கிறது, கீழ்ப்பாதி கீறலுக்குள் போய்விடும். கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக யாரோ அட்டையை வெட்டி, மையால் உருவம் வரைந்து வைத்திருக்கிறார்கள். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

பயணப் பலகையின் உயிர் அது காயைப் பிடித்துவைக்கும் விதத்தில் இருக்கிறது. கப்பல் ஆடும், ரயில் குலுங்கும், காய் கட்டத்தை விட்டு நகரக் கூடாது. காயின் அடியில் முளை வைத்துப் பலகையில் துளையிடுவது எளிய வழி. லண்டன் ஜாக்ஸ் நிறுவனத்தின் 'இன் ஸ்டாட்டு க்வோ' பலகை இன்னும் சாமர்த்தியமானது. ஒரு குமிழைத் திருகினால் பலகைக்குள் இருக்கும் தகடுகள் நகர்ந்து எல்லாக் காய்களின் காலையும் ஒருசேரக் கவ்விக்கொள்ளும். பாதி ஆட்டத்தில் பலகையை மடித்துப் பெட்டிக்குள் போட்டு, அடுத்த ஊரில் திறந்து தொடரலாம். கீறல் பலகையில் இந்த வித்தை எதுவும் இல்லை. ஆனால் மலிவு, தட்டை, கோட்டுப் பைக்குள் போகும். தபாலில் ஆடியவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரே சமயத்தில் பல ஊர்க்காரர்களோடு ஆடுகிறவர் ஆட்டத்துக்கு ஒன்றாகப் பலகை வைத்துக்கொண்டு, கடிதம் வரும்போது ஒரு தகட்டை மட்டும் இடம் மாற்றுவார். இதனாலேயே 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வடிவம் 20ஆம் நூற்றாண்டிலும் விற்றது. அமைப்பை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது.

தகடுகளிலிருந்து தொடங்கினேன். சீட்டில் 'எலும்பு' என்றிருந்தது. எலும்பென்றால் உருப்பெருக்கியில் ரத்தக்குழாய் ஓடிய தடங்கள் கரும்புள்ளியாகவும் சிறு கோடாகவும் தெரியும். தந்தமென்றால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் தெரியும். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருப்பதால், சேகரிப்பாளர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தத் தகடுகளில் இரண்டுமே இல்லை. வழவழப்பான மேற்பரப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள். தந்தம் போலத் தெரிவதற்காகச் செயற்கையாக வரும் கோடுகள் இவை. ஒரு தகட்டைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை.

செல்லுலாய்டு. பருத்தியை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்துக் கற்பூரம் சேர்த்துச் செய்யும் ஆரம்பகாலப் பிளாஸ்டிக். இதன் முன்னோடியை அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862 லண்டன் கண்காட்சியில் வைத்தார். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் கற்பூரம் சேர்க்கும் முறைக்கு 1870இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் சைலோனைட் நிறுவனம் 1877இல் வந்தது. 1845இல் செய்த தகடு கற்பூரம் மணக்க வழியில்லை. (சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றும்.)

"கற்பூரமா? பூஜை ரூம்ல வெச்சிருந்திருப்பாங்க சார்" என்று சிரித்தார் நண்பர். சிரித்துவிட்டு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "காய் பிற்பாடு மாத்தினதா இருந்தா?" இருக்கலாம். ஒரு சிப்பாய் அட்டையாக மாறியிருக்கிறதே, மொத்தக் காய்களும் ஒருகாலத்தில் மாறியிருக்கலாம். பலகை 1845ஆகவும் காய்கள் 1880ஆகவும் இருக்கத் தடையில்லை. ஆக, காய்கள் காய்களுக்கு மட்டுமே சாட்சி. பலகை தன் வயதைத் தானே சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட பொருளுக்கு முதலில் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தைத் தேடுவார்கள். செஸ் விஷயத்தில் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. ஜாக்ஸ் நிறுவனத்தின் ஹாட்டன் கார்டன் கட்டடம் 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. சிறிய எழுதுபொருள் கடைகளும் தோல் பட்டறைகளும் ஆவணம் வைத்ததே அபூர்வம். மிஞ்சுவது அரசாங்கத்தின் பதிவேடு. வடிவமைப்பை யாரும் திருடாமலிருக்க அதைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் பிரிட்டனில் 1839இல் தொடங்கியது. அந்தப் பேரேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அவை எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு உதாரணம். இன்று உலகெங்கும் போட்டிகளில் பயன்படும் 'ஸ்டாண்டன்' காய் வடிவத்தின் பதிவு எண் 58607. தேதி 1849 மார்ச் 1. பதிந்தவர் நதானியேல் குக். தயாரித்து விற்றது ஜாக்ஸ். பெயர் கொடுத்த ஹோவர்ட் ஸ்டாண்டன் அக்காலத்தின் பெரிய ஆட்டக்காரர், 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் செஸ் பத்தி எழுதியவர். அவர் பெயர் பெட்டியில் இருந்தது, பதிவில் இல்லை. விற்கும் பெயர் ஒன்று, பதியும் பெயர் வேறொன்று. ரோஜே என்று எழுதிய சீட்டை நான் நம்பாததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

1842 முதல் 1883 வரை பதிவு செய்த பொருள்களில் வைர வடிவ முத்திரை ஒன்று இருக்கும். அதன் மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் ஆண்டு, மாதம், நாள், கட்டு எண் ஆகியவற்றைக் காட்டும். 1884 தொடங்கி இந்தச் சங்கேதத்தை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து தொடரும் எண் வரிசைக்கு மாறினார்கள். பொருளில் 'ஆர்டி நம்பர்' என்ற சுருக்கத்தோடு எண்ணைப் பதிப்பார்கள். 1885 தொடக்கத்தில் எண் 19,754. 1890இல் 1,41,273. 1897இல் 2,91,241. 1898இல் 3,11,658. சேகரிப்பாளர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்.

நண்பரின் பலகையில் முத்திரை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அறையை இருட்டாக்கினேன். பலகையை மேசையில் தட்டையாக வைத்து, டார்ச்சை மேசையோடு ஒட்டிப் படுக்கவைத்து, வெளிச்சம் தோலின்மேல் சாய்வாக விழும்படி மெல்லச் சுற்றினேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளமெல்லாம் இந்த வெளிச்சத்தில் நிழலாக எழும். உள்மடிப்பின் கீழ் ஓரத்தில் ஒரு வரி தெரிந்தது. தங்கப்பூச்சு போய்விட்டது, அச்சு அழுத்திய தடம் மட்டும் மிச்சம். 'ஆர்டி' தெளிவாக இருந்தது. அடுத்து 3, 0, 4. அதற்குமேல் தோல் வழவழவென்று இருந்தது. யாரோ பிற்காலத்தில் பலகையைப் 'புதுசாக்க' அடர்த்தியாகச் சாயம் பூசி, சூடுவைத்துத் தேய்த்திருக்கிறார்கள். மீதி இலக்கங்கள் அதில் போய்விட்டன.

எத்தனை இலக்கங்கள் போயின என்பதுதான் இப்போது கேள்வி. இரண்டு போயிருந்தால் எண் 30,400 சொச்சம், ஆண்டு 1885. மூன்று போயிருந்தால் 3,04,000 சொச்சம், ஆண்டு 1897. இத்தகைய முத்திரையை மடிப்பின் நடுவில் மையம் பார்த்து அடிப்பது வழக்கம். இடது ஓரத்திலிருந்து 'ஆர்டி' தொடங்கும் இடம்வரை அளந்தேன். அதே இடைவெளியை வலது ஓரத்திலிருந்து உள்நோக்கி விட்டால் வரி எங்கே முடிந்திருக்கும் என்று தெரிந்துவிடும். 304க்குப் பிறகு மூன்று இலக்கத்துக்குச் சரியாக இடம் இருந்தது. டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோனபோது கடைசி இடத்தில் வட்டமான ஓர் அடிப்பகுதி மங்கலாகத் தெரிந்தது. 3, 5, 6, 8, 0 என எதுவாகவும் இருக்கலாம். ஆறு இலக்க எண் என்பது உறுதியானது.

ஆக, 1897. அதுவும் வடிவத்தைப் பதிந்த ஆண்டு. பலகையைத் தைத்தது அதே ஆண்டாகவும் இருக்கலாம், சில ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம், நிச்சயம் அதற்கு முன்பு இல்லை. ரோஜே இறந்தது 1869இல். சீட்டு சொன்ன காலத்துக்கும் பலகை சொன்ன காலத்துக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. தகடுகளின் கற்பூர வாசனையும் இந்தத் தேதியோடு ஒத்துப்போகிறது, எனவே அவை பலகையோடு பிறந்தவையாகவே இருக்கலாம்.

அந்தக் கடைசி மூன்று இலக்கங்களும் இருந்திருந்தால் வேலை எவ்வளவு சுலபம்! கியூவில் பி.டி. 51 என்ற வரிசையில் 1884 முதல் 1908 வரையிலான வடிவமைப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைத் தேடினால் பதிந்தவரின் பெயரும் முகவரியும் வந்துவிடும். பி.டி. 50 வரிசையில் அவர் கொடுத்த வரைபடமோ புகைப்படமோ ஒட்டியிருக்கும். இப்போது 3,04,000 முதல் 3,04,999 வரை ஆயிரம் பதிவுகளையும் சலிக்க வேண்டும். துணி, விளக்கு, தட்டு, பொத்தான் என்று நாட்டில் செய்த எல்லாமே ஒரே எண் வரிசையில் கலந்து வரும். பழுதுபார்த்தவர் ஒரு மத்தியானத்தில் தேய்த்து அழித்ததை மீட்க இத்தனை பாடு. பழுதுபார்ப்பவர்கள் மேல் எனக்குள்ள மனக்குறை இதுதான்: அழுக்கோடு சேர்த்துச் சாட்சியையும் துடைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் செய்த சீரமைப்பு அதனால் மிகக் குறைவு. தோல் மடிப்பில் செம்பொடி உதிர்ந்தது. பழைய தோலுக்கு வரும் நோய் இது, தடவத் தடவக் கையில் ஒட்டும். ஷூ பாலிஷோ எண்ணெயோ போட்டால் கறுத்து இறுகும். ஆவணக் காப்பகங்களில் பயன்படுத்தும் க்ளூசெல் ஜி என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்து, மெல்லிய தூரிகையால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைத்தோம். முத்திரை வரியை எதுவும் செய்யவில்லை. மை வரைந்த அட்டைச் சிப்பாயையும் மாற்றவில்லை. அதுவும் பலகையின் வரலாறுதான். செல்லுலாய்டு தகடுகளைப் பலகையிலிருந்து பிரித்தோம். அந்தப் பொருள் முதுமையில் அமில ஆவி கக்கும். ஒன்று கெட்டால் பக்கத்திலிருப்பதும் கெடும், தோலும் அரிக்கும். நண்பர் அவற்றைக் காற்றாடும் பெட்டியில், குளிர்ந்த இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருக்கிறார்.

ஆடுவதற்கு? தகடுகளின் அளவில் கெட்டி அட்டையை வெட்டி 32 காய்கள் செய்துகொடுத்தேன். நண்பர் வைகை எக்ஸ்பிரஸில் அவற்றைச் செருகிப் பழைய ஆட்டங்களைப் புத்தகம் பார்த்து ஆடிப்பார்க்கிறார். ரயில் எவ்வளவு குலுங்கினாலும் காய் நகர்வதில்லை. 1897இல் யாரோ காசு கட்டிப் பதிந்த அந்த யோசனை இன்னும் வேலை செய்கிறது. கண்ணாடிப் பேழைக்கு அவர் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டார். பழைய சீட்டையும் தூக்கிப்போடவில்லை, அதன் பின்புறத்திலேயே '1897 அல்லது அதற்குப் பின்' என்று எழுதி உறைக்குள் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலோ தாத்தாவின் பெட்டியிலோ இப்படி ஒரு மடிப்புப் பலகை கிடந்தால், துடைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மடிப்பு ஓரங்களையும் உள்பைகளின் வாயையும் படமெடுத்து வையுங்கள். 'ஆர்டி' என்ற இரண்டு எழுத்தும் முழு எண்ணும் கிடைத்துவிட்டால், அதன் வடிவத்தைப் பதிந்தவர் யார் என்பது கியூவில் ஒரு பக்கத்தைப் புரட்டும் வேலைதான். பாலிஷ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். போடாமலே இருந்தால் இன்னும் நல்லது.