உச்சிக்கிழான் கோட்டம்

மலர்க் குழுவினர் ஞாயிற்று வழிபாடு பற்றி எழுதப் பணித்தார்கள். கதிரவன், பரிதி, வெய்யோன் முதலிய பெயர்களை அன்பர்கள் நன்கறிவர். அருகியே வழங்கிய ஒரு பெயரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிலப்பதிகாரத்துக் கனாத்திறமுரைத்த காதையில் புகார் நகரத்துக் கோயில்கள் வரிசையாக வருகின்றன. மாற்றாள் பெற்ற மகவுக்கு மாலதி என்பவள் பால் புகட்ட, பால் விக்கிக் குழந்தை இறந்துபடுகிறது. பழிக்கு அஞ்சிய அவள் அவ்வுடலை ஏந்திக் கோயில் கோயிலாக ஓடுகிறாள். உயிர்ப்பிச்சை வேண்டி அவள் நின்ற வாயில்களுள் ஒன்று உச்சிக்கிழான் கோட்டம். கோட்டம் என்பது கோயில்; உச்சிக்கிழான் என்பது ஞாயிறு.

கிழான் என்றால் உரிமையுடையவன். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் எனச் சங்கப் புலவர் பெயர்களில் நிற்பதும் இச்சொல்லே. தொல்காப்பியர் அகத்திணைத் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் வழங்குகிறார். ஒருவர்மேல் ஒருவர்க்குள்ள உரிமை பற்றி வந்த பெயர்கள் அவை. ஆறாம் வேற்றுமையின் பொருளும் கிழமைதான். இலக்கண நூலார் அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது பசு என்பது பிறிதின்கிழமை. உச்சி என்பது ஞாயிற்றினின்று வேறான இடம். நாள்தோறும் ஏறி அடைந்து, அடைந்தவுடன் விட்டு இறங்குவது. ஆகவே பிறிதின்கிழமை எனலாம். ஆயினும் நண்பகல் உச்சிக்கு வேறு உரிமையாளர் எவருமில்லை. எவ்வளவு பொருத்தமான பெயர்! ஞாயிற்றுக்கிழமை என்று நாம் அன்றாடம் சொல்வதிலும் அதே கிழமை இருக்கிறது.

கனாத்திறமுரைத்த காதையிலேயே கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடலாம் என்கிறாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவளே பின்னர் மதுரையில், தன் கணவன் கள்வனோ என்று ஞாயிற்றை நோக்கிக் கேட்கிறாள். ஞாயிறும் விடை தருகிறது. வரம் வேண்டாதவள் சான்று வேண்டுகிறாள். ஞாயிற்று வழிபாட்டின் மிக உயர்ந்த நிலையை இளங்கோவடிகள் இங்கேதான் காட்டுகிறார் என்பது என் துணிபு.

பிற்காலத்தில், முதற் குலோத்துங்கன் பெயரால் எழுந்த சூரியனார் கோயிலைக் கல்வெட்டு மார்த்தாண்டாலயம் என்றது. அப்பெயரும் அழகியதே, ஆனால் உச்சிக்கிழான் என்ற பழம்பெயர் வழக்கொழிந்தது.

தைத்திங்கள் முதல் நாளில் முற்றத்துப் பானையில் பால் பொங்கும்போது, பெரியோர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பெயரையும் சொல்லித் தர வேண்டும். தமிழாசிரியப் பெருமக்கள் கனாத்திறமுரைத்த காதையை வகுப்பில் தவறாது நடத்த வேண்டும் எனக் கைகூப்பி வேண்டுகிறேன்.