லயத்து வீடுகளும் நம் கைத்திறனும்



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களும் நினைவுக்கு வருகின்றன. ஒழுகும் கூரைக்கும், தளர்ந்த கதவுக் கீலுக்கும், சொட்டும் குழாய்க்கும்கூட வரலாறு உண்டு. நம் முன்னோர் தங்கள் வீடுகளைத் தாங்களே பழுது பார்த்துக்கொண்ட வரலாறு அது. அதனைச் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தை முன்வைத்துச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

‘சிம்பாங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்திப்பு என்பது பொருள். ரெங்கம் பட்டணத்திற்குச் சாலை பிரியும் இடம் என்பதால் இவ்வூர் இப்பெயர் பெற்றது. 1909ஆம் ஆண்டில் ஜொகூர் இரயில் பாதை நிறைவு பெற்றது. அதன் பின்னர் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அவ்வருகை தொடர்ந்தது.

வந்தவர்களுக்குக் கிடைத்தவை லயத்து வீடுகள். நீண்ட பலகைக் கட்டடம், வரிசையாக அறைகள், முன்னால் ஒரு தாழ்வாரம். அத்தாப்புக் கூரை சில ஆண்டுகளிலேயே மக்கிப்போகும். தகரக் கூரையோ ஆணித் துளையில் துருப்பிடித்து ஒழுகும். தகரத்தின் மேட்டில்தான் ஆணி அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் நீர் அவ்வழியே உள்ளே இறங்கிவிடும். இந்தப் பாடத்தைத் தோட்டப்புறப் பிள்ளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றே கற்றனர்.

பொருள்களை விலைக்கு வாங்க வழியில்லாத இடத்தில் எதுவும் வீணாகவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்தால் கூரைக்கு ஒட்டுப் போடலாம்; வெட்டாமல் கைப்பிடி பொருத்தினால் அதுவே தண்ணீர் வாளி. பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கீறினால் கசியும் குழாயை இறுகக் கட்டலாம். துண்டாக வெட்டினால் கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல். தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் நீற்றிய சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து சுவருக்குப் பூசுவர். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் துணிக்கும் மருந்துக்கும் அரிசிக்குமே தட்டுப்பாடு நிலவியது. அன்று இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் பழக்கமே பலரைக் காத்தது.

இவ்வளவையும் போற்றும்போது ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமானதன்று. வேலை போனால் வீடும் போகும். தம் கைக்காசில் நீட்டிய சமையற்கட்டையும், சுற்றி அடைத்த வேலியையும், நட்டு வளர்த்த முருங்கையையும் விட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும். மேலும், தொழிலாளி தானே ஒட்டுப் போட்டுக்கொண்டதால் நிர்வாகம் தன் கடமையை எளிதாகத் தள்ளிப்போட முடிந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது; 1990ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. குடியிருப்பை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு என்பதே இச்சட்டங்களின் உட்பொருள். ஆகவே பழுது இருவகைப்படும். நம் கையால் தீரும் பழுது ஒன்று. பொறுப்புடையோரிடம் கேட்டுப் பெற வேண்டிய தீர்வு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வரலாறு தரும் பாடம்.

இப்பாடம் பழங்கதையன்று. 2019ஆம் ஆண்டில் சிம்பாங் ரெங்கம் மக்கள் இதனை நேரில் கண்டனர். ஆற்று நீரில் அமோனியா மிகுந்ததால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டன. குழாய்கள் வறண்டன, மக்கள் தண்ணீர் லாரிகளுக்குக் காத்திருந்தனர். கூரையின் ஓரத்தில் தகரப் பீலி பொருத்தி, மழைநீரைப் பீப்பாயில் பிடித்து, கொசு புகாதபடி வலையால் மூடி, கழுவவும் துடைக்கவும் பயன்படுத்தும் பழைய தோட்டத்து முறை இத்தகைய நாள்களில் கைகொடுக்கும். ஆனால் மண்ணையும் துருவையும் தடுக்கும் சாதாரண வடிகட்டி, நீரில் கரைந்த அமோனியாவை அகற்றாது. ஆற்றின் மாசை வீட்டுக் குழாயில் சரிசெய்ய முடியாது. அதற்கு அரசும் ஆணையங்களும் செயல்பட வேண்டும். செயல்படுமாறு மக்கள் கேட்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நம்மவர் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். முன்பு சொந்தமல்லாத வீட்டைத் தாமே பழுது பார்த்தோம். இன்று சொந்த வீட்டில் குழாய் சொட்டினாலும் ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறோம். பள்ளியில் முன்பு வாழ்வியல் திறன் என்றும் இப்போது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றும் பாடங்கள் அமைந்தன. பாடநூலில் படித்ததைச் செய்து பார்க்கும் கூடம் வீடுதான்.

பெற்றோர்கள் ஒரு குழாயிலிருந்தே தொடங்கலாம். முதலில் நீர் அளவி அருகிலுள்ள முதன்மை வால்வை மூடச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். திருகுக் குழாயானால் தலைப்பகுதியைக் கழற்றி, தேய்ந்த இரப்பர் வாஷரை எடுத்து, அதே அளவில் புதியதைப் பொருத்துங்கள். அவ்வேளையில் அந்த வாஷரைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, தாத்தா பாட்டியர் வைகறையில் பால்மரம் வெட்டிய கதையைச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த வரலாற்று வகுப்பு வேறில்லை.

எல்லையையும் கற்பியுங்கள். மூன்று கால் செருகியில் எரிந்த உருகியை அதே அளவுள்ள உருகியால் பெரியவர்கள் மாற்றலாம். சுவருக்குள் ஓடும் மின்கம்பியைத் தகுதிபெற்ற மின்பணியாளரே தொட வேண்டும். பழைய வீட்டின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைத் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அதன் நுண்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற சொத்துப் பத்திரங்கள் குறைவு. ஆனால் சுத்தியலையும் உளியையும் அஞ்சாமல் எடுக்கும் கையை அவர்கள் விட்டுச்சென்றனர். அந்தக் கை செய்ய வேண்டியதைச் செய்யட்டும். உரியவரிடம் கேட்க வேண்டியதை வாய் கேட்கட்டும். இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் ஒருங்கே கற்க வேண்டும்.