பொன் நிறுத்த கல்லும் கூத்தர் பூண்ட கட்டையும்

சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடிப் பரிசில் பெற்ற ஊன்பொதி பசுங்குடையார், அப்பரிசிலைக் கண்ட தம் சுற்றத்தார் திகைத்து நின்ற காட்சியைப் புறநானூற்றின் 378ஆம் பாடலில் காட்டுகிறார். விரலுக்குரியதைச் சிலர் காதில் இட்டனர். காதுக்குரியதை விரலில் செறித்தனர். அரைக்குரியது கழுத்திற்கும் கழுத்திற்குரியது அரைக்கும் போயின. இராவணன் கவர்ந்து சென்ற சீதை நிலத்தில் வீழ்த்திய அணிகளைக் கண்டெடுத்த குரங்குகளை அவர் உவமையாக்குகிறார். நகைச்சுவைக்குச் சான்றாகவே வகுப்பறைகளில் எடுத்துக்காட்டப்படும் பாடல் இது. எனினும் அணிகல வரலாற்றை ஆராய்வோர்க்கு இதில் வேறொரு செய்தி உண்டு. பரிசிலாக வரும் நகை, பெறுபவன் உடலை அறியாது. அது வேறொருவர் கழுத்தை அளந்து, வேறொருவர் விரலை நினைந்து செய்யப்பட்டது. பாணரும் பொருநரும் கூத்தரும் புரவலர்தம் பொன்னைப் பூண்டு நின்ற நாளிலேயே இந்தப் பொருந்தாமை தொடங்கிவிட்டது.

பொருந்திய அணிகளின் பட்டியலைக் காண வேண்டுமாயின் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதைக்குச் செல்ல வேண்டும். ஊடியிருந்த கோவலன் உவக்குமாறு மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை என்று காலில் தொடங்கி, தொடைக்குக் குறங்குசெறி, இடைக்கு முப்பத்திரண்டு வடம் கொண்ட முத்துக்கோவை, விரலுக்கு வாளைமீனின் திறந்த வாய்போன்ற மோதிரம் என மேலேறி, தெய்வவுத்தி, தொய்யகம், புல்லகம் என்னும் தலையணிகளில் முடிகிறார் இளங்கோவடிகள். இஃது அரங்கில் ஆடும்போது பூண்ட கோலம் அன்று. எனினும் ஓர் ஆடல்மகளின் அணிகலப் பேழையில் என்னென்ன இருந்தன என்பதற்கு இதனினும் விரிவான சான்றைத் தேடுவது அரிது. முத்தும் பவழமும் இந்திர நீலமும் அதில் உண்டு. மரமோ அரக்கோ வண்ணக் கண்ணாடியோ இல்லை.

பொன்னுக்குக் கணக்கு எழுதிய காலம் பின்னர் வந்தது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கும் இறைவிக்கும் அளிக்கப்பட்ட நகைகளை ஒவ்வொன்றாகக் குறிக்கின்றன. இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி என்பதோடு நில்லாமல், கோத்த முத்துகளின் எண்ணிக்கை, உள்ளே நிரப்பிய அரக்கு என்பவற்றையும் அவை விடவில்லை. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான்; மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமான் திருப்பெயர். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய அதே கோயிலில், கூத்தனின் பெயரால் ஒரு எடைக்கல் பொன்னை நிறுத்துக்கொண்டிருந்தது. கவிஞர்களின் கற்பனைக்கும் எட்டாத பொருத்தம் இது. அதே அளவுக்குக் கசப்பான முரணும் ஆகும். ஏனெனில் கோயில் மதிலுக்கு வெளியே, ஊர்ப் பொதுவெளியில் ஆடிய கூத்தர்தம் உடலில் அந்தக் கல் நிறுத்த பொன்னில் ஒரு மஞ்சாடியும் ஏறியதில்லை. அவர்கள் தமக்கு வேண்டிய அரசர்களைத் தாமே செய்துகொண்டனர், மரத்தால்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களையொட்டி விடிய விடிய நிகழும் கூத்தில் துரியோதனனும் கர்ணனும் அருச்சுனனும் பூணும் கிரீடம், தோளினின்று சிறகுபோல் எழும் புஜகீர்த்தி, நெஞ்சை மறைக்கும் மார்ப்பதக்கம் ஆகியவை மரத்தில் செதுக்கப்படுபவை. அதற்குரிய மரம் கல்யாண முருங்கை. வேலியோரம் வளரும் மரம். இலையை அரைத்து அடை சுடுவர். செந்நிறப் பூவைக் கண்டு குழந்தைகள் கல்லெறிவர். முருக்கு என்றும் இதனை வழங்குவர்; புரசுக்கும் அப்பெயர் உண்டாகையால், பழம்பாடல்களில் முருக்கு என வருமிடமெல்லாம் இம்மரமே என்று துணிதல் கூடாது. தச்சர் இதனை மதிப்பதில்லை. கதவுக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது. ஆனால் காய்ந்தபின் இதன் எடை மிகக் குறைவு. உளிக்கு எளிதில் இணங்கும். இரவு பத்து மணிக்குக் கட்டிய வேடத்தைப் பொழுது விடியும்வரை அவிழ்க்காமல், பாடியும் சுழன்றும் ஆட வேண்டிய ஒருவனுக்கு இதனினும் உகந்த பொன் கிடையாது. கேரளத்துக் கதகளிக் கலைஞர் தம் முடிகளுக்குக் குமிழ மரத்தைத் தேர்ந்ததும் இதே காரணம் பற்றியதே.

செய்முறை எளிது, பொறுமைதான் மிகுதியாக வேண்டும். வெட்டிய மரத்தை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த துண்டைப் பலகையாக அறுத்து, அணிபவனை நிறுத்திச் சாணாலும் விரலாலும் அளந்து, வடிவம் வரைந்து, வேண்டாத மரத்தை அகழ்ந்தெடுப்பர். பின்புறம் எவ்வளவு குடைகிறோமோ அவ்வளவு எடை குறையும். அளவுக்கு மீறினால் முதல் அடவிலேயே பிளந்துவிடும். இந்த எல்லையை எந்த நூலும் சொல்லித் தராது, கைதான் அறியும். செதுக்கிய பரப்பின்மேல் பசை தடவித் தாள் ஒட்டி, அது காய்ந்தபின் பொன்னிறத் தாளும் ஜிகினாவும் பதிப்பர். இடைவெளிகளில் சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள் அமரும். விளிம்பில் பாசிமணியும் நூற்குஞ்சமும் தொங்கும். உடலில் படும் பக்கத்தில் துணி வைத்துத் தைக்காவிட்டால் விடியற்காலையில் தோள் புண்ணாகியிருக்கும். இறுதியாகத் துளையிட்டுக் கயிறு கோக்க வேண்டும். கொக்கியும் திருகாணியும் இங்கு இல்லை. எல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டப்படுபவையே. வேடம் பூணுதல், வேடம் புனைதல் என்று ஏட்டில் எழுதினாலும், வேஷம் கட்டுதல் என்றே ஊரார் சொல்வர். அந்த வினைச்சொல் வெறும் வழக்கன்று. கட்டும் செயலைக் கண்ணால் கண்டவர்கள் ஆக்கிய சொல் அது.

கண்ணாடிச் சில்லுகளைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். இவற்றை ஏழைகளின் இரத்தினம் என்று இரக்கத்தோடு குறிப்பிடுவோர் உளர். அது பிழையான இரக்கம். தீவட்டி வெளிச்சத்தில் நூறடி தொலைவில் அமர்ந்திருப்பவனுக்கு உண்மையான மாணிக்கம் ஒரு கரும்புள்ளியாகவே தெரியும். கண்ணாடியோ அசையும் சுடரை வாங்கி அசைவோடு திருப்பி எறியும். ஆடுபவன் தோள் குலுங்கினால் நூறு சுடர்கள் குலுங்கும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடத் தொடங்குகையில் முகம் தெரிவதற்கு முன்பே முடி மின்னி அவன் வருகையை அறிவித்துவிடும். ஆகவே இது பொன்னுக்கு மாற்றாக வந்த பொருள் அன்று. பொன்னால் இயலாத வேலையைச் செய்யும் பொருள். பெட்ரோமாக்ஸ் வந்தபோதும் அந்த மினுக்கம் ஒருவாறு நின்றது. அசையாத குழல்விளக்கு வந்தபின்தான் சில்லுகள் பாதி ஊமையாயின. அணிகலன் மாறவில்லை, அதற்கு உயிர் தந்த ஒளி மாறிவிட்டது.

இவ்வளவும் அரச வேடங்களுக்கே உரியன. கட்டியக்காரனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவன் அரசனை எள்ளி நகையாட முடிகிறது.

நகரத்து மேடை வேறு வழியில் சென்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்; சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் சிறுவர் நாடகக் குழுக்கள் பெருகின. பட்டுத்துணியும் ஜரிகையும் பித்தளையும் அம்மேடையின் அணிகளாயின. நடிகன் அணியும் நகை நடிகனுடையதாக இல்லாமல் குழுவின் பெட்டிக்கு உரியதாயிற்று. பின்னர் வாடகைக் கடைக்கு உரியதாயிற்று. இன்று ராஜபார்ட்டாக வருபவர் நேற்று வேறொருவர் அணிந்த கிரீடத்தையே சுமக்கிறார். பசுங்குடையார் சுற்றத்தாரின் இடர்ப்பாடு சற்றே உருமாறித் திரும்பிவிட்டது எனலாம். பரதநாட்டிய மேடையின் கதை இன்னும் வேறு. ருக்மிணி தேவி 1935இல் அரங்கேறி, அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்ராவை நிறுவியபின், கோயில் நகை என்னும் பெயரில் தெய்வத் திருமேனிகளின் அணி வடிவங்கள் நடன மேடைக்கு உரியவையாக நிலைபெற்றன. நாகர்கோவிலை அடுத்த வடசேரிக் கைவினைஞர் வெள்ளியில் வடிவமைத்து, சிவப்புக் கல் பதித்து, பொன்தகடு போர்த்திச் செய்யும் அந்த நகைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தகுதியான பெருமைதான். ஆனால் அங்கும் அணிபவள் வேறு, செய்பவன் வேறு.

ஆடுபவனும் செய்பவனும் ஒருவனாகவோ, ஒரே குழுவினனாகவோ இருக்கும் வழக்கு கூத்திலேதான் நெடுங்காலம் நீடித்தது. அக்கலையின் பெயரே அதற்குச் சான்று. தெருக்கூத்து என்று நாம் பொதுவாக வழங்குவதைக் கட்டைக்கூத்து என்றே அழைக்க வேண்டும் என்று அக்கலைஞருள் ஒரு சாரார் வாதிட்டனர். கட்டை என்பது இம்மர அணிகளைக் குறிக்கும். அவற்றைப் பூணும் வீர வேடமே கட்டை வேஷம். தெருவில் ஆடுவது என்னும் பெயர் நிற்குமிடத்தைச் சொல்கிறது. கட்டை என்னும் பெயரோ கலைஞனின் கைத்திறனைச் சொல்கிறது. பெ. ராஜகோபால் முதலானோர் 1990இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் இப்பெயரையே தாங்கியது. காஞ்சிபுரத்தை அடுத்து 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினர். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில், ஆண் தோளுக்கென்று செதுக்கிய புஜகீர்த்தியை ஒரு சிறுமியின் தோள் தாங்கியது சிறிய செய்தி அன்று. மாதவியின் அணிகளை மனப்பாடமாகச் சொல்லும் புலமையுலகம், இவ்வணிகளின் பெயர்களையும் உறுப்புகளையும் கட்டுமுறையையும் கூத்தர் வாய்மொழியினின்று குறித்துவைப்பதில் அந்த அளவு ஆர்வம் காட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

கல்லூரி நாடகத்திற்கோ இலக்கிய வட்ட மேடைக்கோ தாமே அணி செய்துகொள்ள விழைவோர் இப்போது பெருகிவருகின்றனர். அட்டையும் தெர்மோகோலும் கடையில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை; நொச்சியும் உழிஞையும் சூடிய மரபில் எளிய பொருளுக்கு இழிவு ஏது? ஆனால் தொடங்குவோரில் பலர் எடுத்த எடுப்பிலேயே கிரீடத்தைத் தொட்டுவிடுகின்றனர். அது தலையின் வளைவுக்கு இணங்க வேண்டும், ஆடும்போது சரியாமல் நிற்க வேண்டும். பழகிய கைக்கே கடினம். மார்ப்பதக்கத்தில் தொடங்குவதே நன்று. ஏறக்குறையத் தட்டையான வடிவம்; பிழைத்தால் மற்றொன்று செய்துகொள்ளலாம். கழுத்திற்கு ஒரு கயிறு, முதுகுப்பக்கம் ஒரு கயிறு. கட்டிக்கொண்டு மூச்சை முழுதாக இழுத்து ஒரு விருத்தத்தை உரக்கப் பாடிப் பார்க்க வேண்டும். நெஞ்சு விரியும்போது கயிறு இறுகினால், முடிச்சை ஒரு விரற்கடை தளர்த்திக்கொள்ளலாம்.