கொன்ச்சிதாவின் பாஸ்போர்ட்

லூயி புனுவலின் கடைசிப் படமான 'ஆசையின் அந்தத் தெளிவற்ற பொருள்' (1977) பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் முதலில் சொல்வது அந்த இரண்டு நடிகைகளைத்தான். கொன்ச்சிதா என்கிற ஒரே பாத்திரத்தில் கரோல் பூக்கேயும் ஆங்ஹெலா மோலினாவும் மாறி மாறி வருகிறார்கள். ஆகவே பெண் ஒரு புதிர், ஆசை எட்டாதது, இதுதான் சர்ரியலிசம் என்று முடித்துவிடுகிறோம். புதிர் யாருக்கு? கதை சொல்கிற வயதான பணக்காரனுக்கு. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

இக்கதையாடலுக்கு நீண்ட வரலாறு உண்டு. மூலம், பியர் லூயிஸ் 1898இல் பிரெஞ்சில் எழுதிய 'பெண்ணும் பொம்மையும்' நாவல். செவில் நகரத்துச் சுருட்டு ஆலையில் வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றி ஸ்பானியக் கனவான் ஒருவன் பிரெஞ்சுக்காரனிடம் சொல்கிறான். ஆண் சொல்ல ஆண் கேட்கிறான். அந்தலூசியப் பெண் என்றால் சூடு, நடனம், வஞ்சகம் என்கிற பிம்பம் பிரெஞ்சு வாசகனுக்கு முன்பே பழகியதுதான், 'கார்மென்' இருக்கிறாளே. சினிமாவும் இதை விடவில்லை. 1929இன் மௌனப் படத்தில் ஸ்பானிய நடிகை ஒருவர் நடித்தார். 1935இல் ஸ்டெர்ன்பெர்க் எடுத்தபோது அந்த இடத்துக்கு ஜெர்மனியில் பிறந்த மார்லின் டீட்ரிச் வந்தார். 1959இல் துவிவியே, பிரிஜித் பார்தோ நடித்த பாத்திரத்தையே பிரெஞ்சுக்காரியாக்கிவிட்டார். களம் ஸ்பெயின், உடல் மட்டும் வேறெங்கிருந்தோ.

புனுவல் செய்த மாற்றம் வேறு மாதிரியானது. ஆணைப் பிரெஞ்சுக்காரன் ஆக்கினார், பெண்ணை ஸ்பானியப் பெண்ணாகவே வைத்தார். சுருட்டு ஆலைக்குப் பதில் பாரிஸில் மாத்தியு என்ற பணக்காரன் வீட்டில் வேலைக்காரி. இது சின்ன விஷயமல்ல. 1968 கணக்கெடுப்பில் பிரான்சிலிருந்த ஸ்பானியர் 6 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டவரில் அவர்களே மிகப் பெரிய கூட்டம். பாரிஸின் வசதியான பகுதிகளில் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்கியவர்களில் ஸ்பானியப் பெண்கள் ஏராளம். 1974இல் பிரான்ஸ் புதிய தொழிலாளர் வரவை நிறுத்தியது. ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததோ 1986இல்தான்.

இதை மனதில் வைத்து ஒரு கட்டத்தை வாசிப்போம். ஆசை நிறைவேறாத மாத்தியு, தன் செல்வாக்கைக் கொண்டு கொன்ச்சிதாவையும் தாயையும் நாடு கடத்தச் செய்கிறான். போலீஸ் வருகிறது, உத்தரவைக் காட்டுகிறது, கிளம்ப வேண்டியதுதான். பிறகு செவிலில் அவளைக் கண்டதும் மறுபடி உருகுகிறான். இதைப் பித்துக் காதல் என்கிறோம். வேலைக்காரியின் பக்கம் நின்று பார்த்தால் பித்து எங்கே இருக்கிறது? காதலன், முதலாளி, அரசு எல்லாம் ஒரே ஆளாக எதிரே நிற்பதுதான் இருக்கிறது.

இரு நடிகைகள் என்ற உத்தியும் தத்துவத்திலிருந்து பிறந்ததல்ல. மரியா ஷ்னைடரை வைத்துப் படப்பிடிப்பு தொடங்கியது, ஒத்துவரவில்லை, நின்றது. அதன் பிறகே இருவரைப் போடலாம் என்ற யோசனை செயலுக்கு வந்தது. ஒருத்தி பிரெஞ்சுக்காரி, ஒருத்தி மத்ரீதில் பிறந்தவள். இருவருக்கும் மூன்றாவது பெண் ஒருவர் குரல் கொடுத்தார். மாத்தியுவாக நடித்த ஸ்பானியர் பெர்னான்தோ ரேயின் குரலும் மிஷேல் பிக்கோலியுடையதே. ஆக, திரையில் தெரிகிற ஸ்பானியர்களுக்குத் தங்கள் குரல் இல்லை. எதிரே நிற்பது எவள் என்று மாத்தியு ஒரு தரம்கூடத் திகைப்பதில்லை. அவனுக்கு வேலைக்காரி என்றால் எல்லாம் ஒன்றுதான்! புதிர் என்று நாம் கொண்டாடுவது அவனுடைய பார்வைக் குறைபாடாகவும் இருக்கலாம்.

புனுவல் உள்நாட்டுப் போரில் நாட்டை இழந்தவர். 1949இல் மெக்சிகோ குடிமகனானார். நாடு கடத்தல் உத்தரவின் கனம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கொன்ச்சிதாவுக்குச் சொல்லும் உரிமையை அவரும் தரவில்லை. ரயில் பெட்டியில் மாத்தியு சொல்ல, ஒரு நீதிபதியும் சீமாட்டி ஒருத்தியும் குள்ளமான உளவியல் பேராசிரியரும் கேட்கிறார்கள். நாம் காண்பதில் பெரும்பகுதி அவன் வாக்குமூலம்.

கதையை அவன் முடித்த பிறகுதான் கொன்ச்சிதா அதே ரயிலில் வந்து நிற்கிறாள். புறப்படும்போது அவன் தன் மேல் ஊற்றியதற்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றுகிறாள். அவன் சொல்லில் அடங்காமல் அவள் தானாகச் செய்தது இது. அங்கிருந்து தொடங்கி முழுப் படத்தையும் பின்னோக்கி வாசித்தால் என்ன?