சோழமண்டலம் ஓவியர் கிராமமும் சென்னையின் அரூப ஓவியர்களும்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் பகுதியில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966-இல் இதை உருவாக்கினார்கள். கலை வரலாற்றில் 'சென்னைக் கலை இயக்கம்' எனப்படும் போக்கின் முக்கியமான இருப்பிடம் இது. பெயரில் சோழமண்டலம் இருப்பதால் இது கோயில் சிற்பக் கூடம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கு நடந்தது நவீனக் கலைச் சோதனை.

இதன் வேர் சென்னை ஓவியப் பள்ளியில் உள்ளது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அங்கே முதல்வராக இருந்தார். அவரிடம் பயின்று, பின் அங்கேயே ஆசிரியரான பணிக்கர் அவருக்குப் பிறகு முதல்வர் ஆனார். அதற்கு முன்பே, 1944-இல், இளம் கலைஞர்களைச் சேர்த்து 'முற்போக்கு ஓவியர் சங்கம்' ஒன்றை அவர் அமைத்திருந்தார். சங்கம் கண்காட்சிகள் நடத்தியது. 1961 முதல் 'ஆர்ட்டிரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழையும் வெளியிட்டது.

பணிக்கர் 1954-இல் ஐரோப்பா சென்று லண்டனில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்குள்ள நவீன ஓவியங்களை நேரில் கண்ட பிறகு ஒரு கேள்வி அவரை விடவில்லை. பாரிஸைப் பார்த்து வரையாமல், பழைய அஜந்தாவையும் திருப்பி வரையாமல், இன்றைய இந்திய ஓவியம் எப்படி இருக்க முடியும்? சென்னைக் குழு கண்ட விடை கோடு. நம் ஊரில் கோலம், ஏட்டுச்சுவடி, சாதகக் கட்டம், யந்திரம், கோயில் சுவரோவியம் எல்லாமே கோட்டை நம்பி நிற்பவை.

1963-இல் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்துகளும் வந்தன. பின்னர் ரோமன் எழுத்தின் இடத்தில் மலையாள எழுத்து வந்தது. அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் பொருள் கிடைக்காது. படிப்பதற்காக அவர் எழுதவில்லை, பார்ப்பதற்காக எழுதினார். அரூப ஓவியம் புரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் பழைய சாதக நோட்டைப் புரட்டி, ஒன்றும் விளங்காமலே அதன் கட்டங்களில் கண்ணை ஓடவிட்டவர்களுக்கு இந்தப் படங்கள் அவ்வளவு அந்நியமல்ல என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தப் படங்களை வாங்க ஆள் இல்லை. படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக விளம்பர அலுவலகங்களுக்கோ நெசவு வடிவமைப்புக்கோ போய், ஓவியத்தையே விட்டுவிடும் நிலை. பணிக்கரின் பெருமையாக நான் கருதுவது அவருடைய ஓவியங்களை மட்டுமல்ல, இதற்கு அவர் கண்ட வழியையும்தான். பாத்திக் துணி, உலோக வேலை போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது. வருமானத்தில் ஒரு பங்கைப் பொது நிதியில் சேர்ப்பது. மீதி நேரத்தில் மனம்போல வரைவது. கைவினைக் கண்காட்சிகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தில், அரசு மானியத்துக்குக் காத்திராமல், கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தொடக்கத்தில் மணலில் ஓலைக் கொட்டகைகள்தான். பங்களாக்கள் நிறைந்த இன்றைய சாலையைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம்.

குழுவில் எல்லோரும் அரூப ஓவியர்கள் அல்லர். கே. வி. ஹரிதாசன் யந்திர வடிவங்களை எடுத்துக்கொண்டார். வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸில் குடியேறி வடிவியல் அரூபத்தில் பெயர் பெற்றார்கள். ஜே. சுல்தான் அலி நாட்டார், பழங்குடி உருவங்களை வரைந்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் உலோகத் தகடுகளைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கே. ராமானுஜம் மையால் கனவு நகரங்களைத் தீட்டினார். மனத்துயரில் உழன்ற அவர் 1973-இல், முப்பத்து மூன்று வயதளவில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கூடி வாழ்வது எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் இந்த வரலாற்றில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் இந்த இயக்கத்தை அறியாமலே அறிந்திருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குக் கோட்டோவியம் வரைந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008) இதே கல்லூரியில் உருவானவர். காந்தியைக் கோடுகளில் வரைந்து புகழ்பெற்ற அவர், பிற்காலத்தில் வண்ணப் பரப்புகளாலான முழு அரூபத்துக்குப் போனார். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் வரைந்த அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் கண்காட்சிக் கூடத்துக்குப் போகாதவர் கைகளிலும் நவீன ஓவியத்தைக் கொண்டுசேர்த்தன.

பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக் கூடம் உள்ளது. சோழமண்டலத்திலேயே 2009-இல் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது; சென்னைக் கலை இயக்கத்தினரின் படைப்புகளை அங்கே பார்க்கலாம், வெளியே திறந்தவெளியில் சிற்பங்கள். நந்தகோபால் 2017-இல் மறையும் வரை இக்கிராமத்தை முன்னின்று நடத்தினார்.

எங்கள் மாவட்ட மாணவர்களுக்கு ஒரு செய்தி. இந்த இயக்கத்தின் முன்னணி ஓவியர்களில் ஒருவரான ஏ. பி. சந்தானராஜ் (1932–2009) திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னைக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் உயர்ந்தார். கோட்டின் வேகத்துக்குப் பேர்போன அவரிடம் பயின்ற மாணவர்கள் பலர் இன்றும் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.